நனையாத கடிகாரங்கள்

பிப்ரவரி 3

அன்பு என்று எழுத வேண்டிய பெரியப்பாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பா நலமில்லை, அது உங்களுக்கே தெரியும். நீங்களும் பெரியம்மாவும் நலமா என்று கேட்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டுவிட்டேன். பதில் கட்டாயமில்லை.

இதை போனிலேயே பேசி முடித்திருக்கலாம். நீங்கள்தான் என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டீர்களே. "நாய்க்குட்டிகள் இலவசம்" என்று உங்கள் கிளினிக் நம்பரைப் போட்டுத் தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல் டாக்டர் வாசலில் ஜனங்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றது அன்றைக்கு மட்டும்தான் என்று உங்கள் நர்ஸ் அக்காவே சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, கட்டிலுக்குப் பக்கத்து ட்ரேயில் அவருடைய மூக்குக்கண்ணாடி, பெல்ட், கைக்கடிகாரம் மூன்றும் இருந்தன. நீங்கள் வந்துவிட்டுப் போனபின் இரண்டுதான் இருந்தன. கண்ணாடி உங்கள் பவருக்குப் பொருந்தாது. பெல்ட் உங்கள் தொப்பையை எட்டாது.

ஏப்ரல் 20 அன்று துறைமுக ஆபீஸில் அப்பாவின் டைவிங் விபத்து பற்றி விசாரணை. இருபத்தேழு மீட்டர் ஆழத்தில், கப்பல் துறையின் தூணுக்கு அடியில், அப்பா இருபத்தைந்து நிமிடம்தான் இருந்திருக்க வேண்டும். அவர் மேலே வந்தபோது நாற்பது ஆகியிருந்தது. மேலிருந்து குழாயில் காற்று வந்துகொண்டே இருந்ததால் மூச்சு திணறவில்லை. நேரம் போனதே தெரியவில்லை. ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து வலது கையும் வலது காலும் மரத்துப் போயின. ஆறு மாதத்தில் சரியாகலாம் என்று டாக்டர் சொல்கிறார் (நிஜ டாக்டர்).

கம்பெனிக்காரர் சொல்வது: "கவனக்குறைவு. டைவர் லைசென்ஸையே ரத்து பண்ணுங்க." அப்பா சொல்வது: "என் வாட்ச் இருபத்தஞ்சுன்னுதாங்க காட்டுச்சு." ஆபீஸர் சொல்வது: "அப்ப அந்த வாட்சைக் கொண்டாங்க."

அதையேதான் நானும் சொல்கிறேன். லைசென்ஸ் போய்விட்டால், கை கால் திரும்பி வந்தாலும் அப்பா தண்ணீரில் இறங்க முடியாது. கொண்டாங்க.

இப்படிக்கு,
கோபம் குறையாத தம்பி மகள்

•

பிப்ரவரி 14

வாலுவுக்கு ஆசிகள்.

இங்கு யாவரும் நலம். தம்பியின் உடல்நிலை பற்றி உன் அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். சூடான ஒத்தடம் தொடரட்டும்.

கடிகாரத்தை நான் எடுத்து வந்தது பாதுகாப்புக்காக. தற்சமயம் சர்வீஸில் இருக்கிறது. இந்த மாதிரிப் பொருளை அவசரப்படுத்தக் கூடாது. அது எப்படிப்பட்டது என்று உனக்கும் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. ஐம்பது வருடத்துக்கு முன் செய்த டைவிங் வாட்ச். அதன் நீல முகப்பு வெயிலும் உப்பும் பட்டு மழைக்கு முந்திய வானத்தின் நிறத்துக்கு வந்திருக்கிறது. எண்களின் மேல் இருந்த பச்சை ஒளிப்பூச்சு பழுத்துப் பாலேடு நிறமாகிவிட்டது. இதைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. காலம் மட்டும்தான் செய்யும். அப்படிப்பட்டதைக் கட்டிக்கொண்டு அவன் சேற்றில் முங்கினான்.

விசாரணைக்கு அது எதற்கு? நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம்தான். தண்ணீரில் இறங்குகிறவன் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தின் மேல் பழி போடுவது நம் குடும்பத்துக்கு அழகல்ல.

படிப்பில் கவனம் செலுத்து.

பெரியப்பா

•

பிப்ரவரி 17

பெரியப்பாவுக்கு,

எல்லோரும் நேற்று இருந்த மாதிரியே இருக்கிறோம். ஒத்தடத்துக்கு நன்றி. அடுத்து உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்வீர்கள் என்று அப்பா காத்திருக்கிறார்.

கடிகாரம் சர்வீஸில் என்றீர்கள். உங்கள் தெருமுனை வாட்ச் கடைக்காரருக்கு போன் போட்டேன். "உங்க பெரியப்பா கடைப்பக்கம் வந்தே ஒரு வருஷமாச்சும்மா. அவரே பல்லு நோண்டற கம்பியால திறந்துக்குவாரு" என்றார். இப்போது அது யாரிடம் சர்வீஸில் இருக்கிறது? கடைவாய்ப் பல்லிடமா?

உங்களிடம் இருபத்து மூன்று டைவிங் வாட்ச். ஒவ்வொன்றிலும் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று போட்டிருக்கிறது. நீங்கள் இதுவரை போன அதிகபட்ச ஆழம், நோயாளி துப்புகிற தொட்டி. கை கழுவும்போதுகூட கழற்றி வைத்துவிட்டுத்தான் கழுவுவீர்கள். அவற்றில் ஒன்றாவது தண்ணீரைப் பார்த்திருக்கிறதா, இல்லை, படத்தில் பார்த்ததோடு சரியா?

நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றீர்கள். பார்த்தார் பெரியப்பா. எதைப் பார்த்தாரோ அது உங்கள் வீட்டில் இருக்கிறது.

கடிகாரத்துக்கு முள் இருக்கலாம், கடிதத்துக்கு இருக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை.

தம்பி மகள்

•

மார்ச் 6

(இரண்டரை வாரம் பதில் இல்லை. அதனால் கப்பல் கேப்டன் ஒருவர் பிறந்தார். பிறக்கும்போதே வயது எழுபத்தொன்று, பெரிய மீசை. முகவரி என் தோழியின் வீடு. எழுதியது நான்.)

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமுடன் இருக்கக் கடல் காற்றை வேண்டுகிறேன். அடியேன் நலம். முட்டிதான் கொஞ்சம் மக்கர்.

நாற்பது வருடம் கப்பல் ஓட்டி ஓய்ந்தவன். பழைய டைவிங் வாட்ச் சேர்ப்போர் சங்கத்தின் மாத மடலில் தங்கள் தொகுப்பைப் பற்றிப் படித்து மெய்சிலிர்த்தேன். ஆனால் ஒரு வருத்தம். தங்களிடம் நீல முகப்புக் கடிகாரம் ஒன்று இருக்கிறதாம். அது பாதிக்குப் பாதி மாற்றுப் பாகம், ஒட்டுப்போட்ட சரக்கு என்று சங்கத்தில் ஒருவர் சிரித்தார். "டாக்டர் பல் செட் கட்டுகிறவர்தானே, கடிகாரத்துக்கும் கட்டிவிட்டார்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அது தங்களிடம்தான் இருக்கிறதா, அசல்தானா என்று தாங்களே எழுதினால் அவர் மூஞ்சியில் அறைந்தாற்போல் காட்டுவேன்.

தங்கள் பதிலுக்கு நங்கூரமிட்டுக் காத்திருக்கும்,
கேப்டன்

•

மார்ச் 11

(ஐந்தே நாளில் பதில். நான்கு பக்கம். தம்பி மகளுக்கு ஒரு பக்கம், கேப்டனுக்கு நான்கு. அதில் வேண்டியதை மட்டும் இங்கே தருகிறேன்.)

அன்பார்ந்த கேப்டன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க முடியாது. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். இங்கு நாங்கள் அனைவரும் நலம். என் தம்பியும் நலம்.

ஒட்டுப்போட்டது என்று சிரித்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லுங்கள். அது என் தம்பியின் கையில் பதினைந்து வருடம் இருந்த கடிகாரம். அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. முகப்பைச் சுற்றியுள்ள வளையம் எப்போதோ உடைந்து, யாரோ ஒரு கடைக்காரன் புது வகை வளையத்தை மாட்டியிருந்தான். கடமுடவென்று ஒரே பக்கம் மட்டும் திரும்பும். அசிங்கம். தங்கத் தட்டில் பிளாஸ்டிக் பல் மாதிரி. அந்தக் காலத்து அசல் வளையத்தை நான் ஒரு வருடம் தேடிப் பிடித்தேன். போன அக்டோபரில் தம்பி வீட்டுக்குப் போனபோது, துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி, என் கையாலேயே மாட்டிக் கொடுத்தேன். அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குப் புரியாது. இப்போது இரண்டு பக்கமும் வெண்ணெய் மாதிரிச் சுழல்கிறது. இன்று அது என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஒரு பாகம்கூட மாற்று இல்லை.

தங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குத் தண்ணீர் என்றால் பயம். குளத்தில்கூட இறங்கியதில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் ஒரு சாண் ஆழம் பார்க்கிற பிழைப்பு. ஆனால் இருநூறு மீட்டர் என்று எழுதிய ஒன்றைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும்போது முதுகு தானாக நிமிர்கிறது. யாரோ ஒருவன் இதை நம்பிக் கீழே போய், இதை நம்பி மேலே வந்திருக்கிறான். அந்தத் தைரியம் இரும்புக்குள் எங்கோ மிச்சம் இருக்கும் என்று தோன்றும். சிரிக்காதீர்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மீண்டும் எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள்.

•

மார்ச் 15

பெரியப்பாவுக்கு,

நலமா என்று இன்றைக்குக் கேட்க மாட்டேன்.

கேப்டன் நான்தான். மீசை இல்லை. முட்டி நன்றாக இருக்கிறது.

உங்களை இழுப்பறையோடு பிடிக்கத்தான் கேப்டனை அனுப்பினேன். அவர் வளையத்தோடு வருவார் என்று நினைக்கவில்லை. எனக்கு அது புரியவும் இல்லை. அப்பாவோடு வேலை செய்யும் மூத்த டைவரிடம் காட்டினேன். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இறங்கும்போது வளையத்துல இருக்கிற முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரா வைப்போம் பாப்பா. அப்புறம் முள் நகர நகர எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு வளையமே சொல்லும். எங்கயாவது இடிச்சு வளையம் நகர்ந்தாலும் ஒரு பக்கம்தான் நகரும். அதிக நேரம் ஆன மாதிரிதான் காட்டும். நாங்க சீக்கிரம் மேல வந்துடுவோம். உசுரு பிழைக்கும். பழைய வளையம் ரெண்டு பக்கமும் சுத்தும். தப்புப் பக்கம் நகர்ந்துதுன்னா நாப்பது நிமிஷத்தை இருபத்தஞ்சுன்னு காட்டும்" என்றார்.

அசிங்கம் என்றீர்களே, அந்தக் கடமுட வளையம்தான் அப்பாவைப் பதினைந்து வருடம் மேலே கொண்டுவந்தது. உங்கள் வெண்ணெய் வளையம் மூன்று மாதத்தில் வழுக்கிவிட்டது.

"என் தம்பியும் நலம்" என்று கேப்டனுக்கு எழுதினீர்கள். அந்த வரியை நான் பதினோரு தடவை படித்தேன். நன்றாகப் பல் விளக்கிவிட்டு எழுதியிருக்கிறீர்கள், பொய் பளிச்சென்று இருக்கிறது.

கடிகாரத்தை அனுப்புங்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே.

கேப்டன் பதவியிலிருந்து விலகிய,
தம்பி மகள்

•

மார்ச் 29

வாலுவுக்கு,

நீ செய்தது மோசடி. ஒரு பெரிய மனிதனின் பெயரில், அதுவும் வயதானவர் பெயரில் எழுதி ஒருவன் மனதைத் திறந்து பார்ப்பது திருட்டைவிடக் கேவலம். உன்னை இப்படி வளர்த்ததற்கு உன் பெற்றோர் வெட்கப்பட வேண்டும்.

அந்தக் கடிதத்தில் நான் எழுதியது பெருமைக்காகச் சொன்னது. சங்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். நான் எந்த வளையத்தையும் மாற்றவில்லை. கடிகாரத்தை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீயே திருப்பிப் பார். ஒரு பக்கம்தான் திரும்பும். ஆபீஸரிடம் தாராளமாகக் கொடு.

இனி எனக்கு எழுதாதே. உன் அப்பாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியப்பா

•

ஏப்ரல் 2

பெரியப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். அதற்காகவே எழுதுகிறேன். அனைவரும் நலமாக இருக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்.

பார்சல் வந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் திரும்புகிறது. பலே. மூத்த டைவர் அவருடைய பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கடிகாரத்தின் உடம்பெங்கும் பதினைந்து வருட அழுக்கு. வளையத்துக்கு அடியில் மட்டும் இன்று காலைதான் பல் துலக்கியது போல அப்படி ஒரு சுத்தம். விளிம்பில் ஒரு புதுக் கீறல், ஊசி மாதிரிக் கம்பி வழுக்கியது. கை நடுங்கியதோ? பல் பிடுங்கும்போது நடுங்காத கை.

பழைய பொருளில் ஒரு கறையைக்கூடத் துடைக்கக் கூடாது என்று சங்கத்துக்கே பாடம் நடத்துகிறவர் நீங்கள். உங்கள் மேல் பட்டுவிடும் என்றதும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டீர்கள். கடமுட வளையத்தை மறுபடி மாட்டிவிட்டு, உங்கள் அசல் வளையத்தைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொண்டீர்கள் இல்லையா? வாழ்த்துகள். தொகுப்பு முழுமை.

உங்கள் நான்கு பக்கமும் என்னிடம் இருக்கிறது. உங்கள் கையெழுத்து, உங்கள் கையொப்பம், கிளினிக்கின் பல் படம் போட்ட தாள். இருபதாம் தேதி அது ஆபீஸர் மேசையில் இருக்கும். சங்கத்துக்கு ஒரு பிரதி. நாளைக் காலை அப்பாவுக்கும் படித்துக் காட்டுவேன். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. தன் அண்ணன் என்ன செய்தான் என்று அவருக்குத் தெரியட்டும்.

தம்பி மகள்

•

ஏப்ரல் 8

(அப்பாவின் கை இன்னும் பேனா பிடிக்காது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அடைப்புக்குள் இருப்பது என் சொந்தச் சரக்கு, அவருக்குத் தெரியாது.)

அண்ணனுக்கு,

நல்லா இருக்கியாண்ணா? அண்ணி நல்லா இருக்காங்களா? எனக்குக் கட்டைவிரல் அசையுது. நேத்து டீ டம்ளரைப் பிடிச்சேன். (மூன்று வினாடி. டம்ளருக்கு இறுதி மரியாதை செய்தாகிவிட்டது.)

பாப்பா உனக்கு என்னென்னவோ எழுதியிருக்கா போல. அவளுக்கு வாய் ஜாஸ்தி. மனசுல வச்சுக்காதே. (வச்சுக்கோங்க.) நீ கேப்டனுக்கு எழுதின லெட்டரைப் படிச்சுக் காட்டினா. பூரா கேட்டேன்.

வளையம் ரெண்டு பக்கமும் சுத்துதுன்னு எனக்குத் தெரியும்ணா. நீ அதைத் திருப்பிக் கொடுத்த அன்னிக்கே தெரியும். பதினஞ்சு வருஷமா திருப்பற வளையம், விரலுக்குத் தெரியாதா? (இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது" என்றார். பேனாவைக் கீழே வைத்தேன். "எழுதும்மா" என்றார்.)

பழசையே மாட்டிக் கொடுண்ணான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, கீழ எவ்வளவு ஆழம் போவே, அங்க வெளிச்சம் இருக்குமா, பயமா இருக்காதாடான்னு ஒரு மணி நேரம் கேட்டே. கீழ ஒண்ணுமே தெரியாதுண்ணா, கலங்கல், இந்த எண்ணு மட்டும்தான் மங்கலா மினுங்கும், அதைப் பார்த்தா மேல யாரோ நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்னு சொன்னேன். நீ கண்ணை எடுக்காமக் கேட்டே. இருபது வருஷத்துல என் வேலையைப் பத்தி நீ விசாரிச்சது அன்னிக்கு மட்டும்தான். மத்தபடி தம்பி என்ன பண்றான்னு யார் கேட்டாலும் சேத்துல முங்கறான்னுதானே சொல்லுவே. அந்த முகத்தைப் பார்த்து, நீ கஷ்டப்பட்டு மாட்டினது வேலைக்கு ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? நல்லா இருக்குண்ணான்னேன். ஜாக்கிரதையா இருந்துக்கலாம்னு நினைச்சேன். மூணு மாசம் இருந்தேன். அன்னிக்குக் கை தூண்ல உரசினதைக் கவனிக்கலை.

இருபதாம் தேதி நான் அதைத்தான் சொல்லப் போறேன். தெரிஞ்சேதான் கட்டியிருந்தேன்னு. லைசென்ஸ் போனாப் போகட்டும். உன் பேர் வராது. அந்த லெட்டரைக் கிழிக்கச் சொல்லிட்டேன். (கிழிக்கவில்லை.)

உடம்பைப் பார்த்துக்கோண்ணா.

தம்பி

•

ஏப்ரல் 14

வாலுவுக்கு,

உன் அப்பாவுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு அருகதை இல்லை.

இத்துடன் உள்ள சின்ன டப்பா பல் செட் வைக்கும் டப்பா. உள்ளே இருப்பது அந்த வளையம். அக்டோபரில் நான் மாட்டியது, மார்ச்சில் நான் கழற்றியது. துறைமுக ஆபீஸுக்கு எல்லாவற்றையும் நானே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். சங்கத்துக்கும் எழுதிவிட்டேன். நீ அனுப்ப வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் சுழலும் வளையம் தண்ணீருக்குள் ஆபத்து என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மாத மடலில் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். மாட்டும்போதும் அது நினைவில் இருந்தது. அவன் அதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவான் என்பதுதான் நினைவில் இல்லை.

கேப்டன் விஷயத்தில் உன்னை நான் மன்னிக்கவில்லை. அடுத்த கடிதம் வருமென்று தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா

•

ஏப்ரல் 23

பெரியப்பாவுக்கு,

அம்மா நலம். அப்பா தேவலாம், நேற்று பல் தேய்க்கும் பிரஷ்ஷை வலது கையால் பிடித்தார். உங்கள் துறை என்பதால் தெரிவிக்கிறேன்.

விசாரணை முடிந்தது. ஆபீஸர் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "என் தம்பிக்கு எதுவும் தெரியாது, முழுத் தவறும் என்னுடையது" என்ற இடம் வந்ததும் அப்பா மேசையைப் பிடித்து எழுந்துவிட்டார். "இல்லைங்க, எனக்குத் தெரியும். அண்ணன் சும்மா சொல்றாரு." ஆபீஸர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆளாளுக்குத் தப்பு என்னோடதுன்னு இழுத்துக்கிட்டா நான் யாரு பேரை எழுதறது?" பிறகு கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, "மேல நேரம் குறிக்க வேண்டியது யாரு? அந்த நோட்டு எங்கே?" என்றார். நோட்டு வந்தது. இறங்கிய நேரம் எழுதும் இடம் காலி. கம்பெனிக்காரர் முகமும் காலி.

லைசென்ஸ் ரத்து இல்லை. ஒரு வருடம் நிறுத்திவைப்பு. அதன்பின் பரீட்சை எழுதி, உடம்பைக் காட்டி, மறுபடி இறங்கலாம். "தெரிந்தே அணிந்தார்" என்று அப்பாவின் கோப்பில் ஒரு வரி நிரந்தரமாக இருக்கும். அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரிதான்.

அப்பாவிடம் மூன்று நாள் நான் பேசவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதியை எடுத்து அவர் மேல் வைத்தேன். உங்கள் பங்கு குறையும் என்று பார்த்தால் குறையவே இல்லை. எங்கிருந்து ஊறுகிறதோ தெரியவில்லை. உங்கள் நான்கு பக்கத்தைக் கிழிக்கவில்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை. தண்ணீரைக் கண்டால் பயம் என்று எழுதிய பக்கத்தை மட்டும் அப்பா இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கேப்டன் இனி எழுத மாட்டார். கரை சேர்ந்துவிட்டார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா உங்களை வரச் சொல்கிறார். யாரும் பிடித்துக்கொள்ளாமல் அவரால் கட்டிலை விட்டு வாசல் வரை வர முடியாது. அம்மா கடைக்குப் போயிருப்பாள். எனவே மணி அடித்தால் கதவைத் திறக்கப் போவது நான்தான்.

திறப்பேன். "வாங்க" என்று சொல்ல மாட்டேன். நீங்களாகவே உள்ளே வந்துவிட வேண்டியதுதான்.

தம்பி மகள்